பக்கக் கண்ணாடி

என் மனுசன் கேட்டைத் தாண்டியதும் கண்ணாடி விழுந்தது.

அரிசி மணி அளவுதான் இருக்கும். காலையிலிருந்து ஐந்தாவது தடவையாக அதைச் சிவப்புப் பொம்மைக் காரின் கதவில் ஒட்டி, ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்.

கத்தாரிலிருந்து மகன் அனுப்பிய கார் அது. துண்டு துண்டாகப் பெட்டியில் வந்தது, நாம்தான் பொருத்த வேண்டும். திறந்த அன்றே தெரிந்துவிட்டது, கோளாறு பிடித்த சாமான் என்று. பொனட் மூடவில்லை. ஒரு சில்லு கோணல், உருளாது. கண்ணாடியின் காம்பு பாதிதான் வார்ப்பில் வந்திருந்தது. வேறு ஆளாக இருந்தால் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டிருப்பார். என் மனுசன் லாபிர் அப்படிப்பட்டவர் இல்லை.

மூன்று வாரமாக அவர் ஓட்டும் ஸ்கூல் வேன் முற்றத்தில் நிற்கிறது. அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து. டொக்டர் மாத்திரை கொடுத்து, கை சரியாகும் வரை ஓட்ட வேண்டாம் என்றார். இவர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. விடிந்தால் இந்தக் கார், பசை, சாமணம். பிளேன்டீயில் பாதி மேசையில் சிந்தும். நான் பார்க்காதது போல் துடைத்துவிடுவேன்.

வேனில் போகிற ஹபீலாவின் உம்மா தினமும் போன் எடுக்கிறாள். முதலாம் வகுப்புப் பிள்ளை, பஸ்ஸில் கண்டிக்குப் போக மாட்டேன் என்று அழுகிறதாம். காரை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்பதுதான் இவர் பதில். விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை பிடிவாதமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆனாலும், திரும்பி வந்து பார்த்தால் அந்த முகம் என்னாகும் என்று நினைத்தேன்.

சாமணத்தால் கண்ணாடியைக் கவ்வி எடுத்தேன். ஒரு சொட்டுப் பசை. சோறு அடிப்பிடித்தாலும் பரவாயில்லை என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு கை மரக்கும் வரை அழுத்திப் பிடித்திருந்தேன்.

நின்றது.

பள்ளியிலிருந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை.

"என் கையால வெச்சது நிண்டா வேன எடுக்கிற, விழுந்தா சாவிய வேற ஆளுக்கு குடுத்திர்ற. அப்பிடித்தான் மனசுல நிய்யத்து வெச்சிருந்தேன்" என்றார்.

அதே மூச்சில் போனை எடுத்து ஹபீலாவின் உம்மாவின் நம்பரை அழுத்தினார். இரண்டு தடவை நம்பர் பிழைத்துப்போனது. மூன்றாம் தடவை சரியாக விழுந்தது.

வேன் தினமும் கடக்கும் கட்டுகஸ்தோட்டைப் பாலம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வேனுக்குள் பதினான்கு பிள்ளைகள். கீழே மகாவலி ஆறு.

மறுமுனையில் அவள் ஹலோ என்பது எனக்கும் கேட்டது.

காரைத் தூக்கினேன். கண்ணாடியைப் பிடுங்கி அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தேன்.

"இப்ப எனக்கு முன்னால ஒட்டுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஒரு நொடிகூடச் சும்மா கிடக்கவில்லை.

போனுக்குள் அவள் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, "வேற வேன் பாக்கச் சொல்லு" என்று போனை என்னிடம் நீட்டினார்.