தங்கையின் நீலக் கோட்டு

அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே மின்னணுத் தொழிற்சாலையில்தான் வேலை. உடம்பில் மின்சாரம் தேங்கவிடாத நீலக் கோட்டு போடாமல் அங்கே யாரும் உள்ளே போக முடியாது. அன்று தன் கோட்டு கிழிந்திருந்ததால், போன மாதம் விபத்தில் இறந்த தங்கையின் கோட்டை அக்கா மாட்டிக்கொண்டாள். யாரோ அப்போதுதான் கழற்றியது போல அது கதகதப்பாக இருந்தது.

வாசலில் சோதனைப் பலகைமேல் ஏறி நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஒவ்வொருத்தரா ஏறுங்கம்மா,” என்றார் காவலாளி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ரெண்டு பேர் நின்னா கதவு திறக்காது.”

“நான் மட்டுந்தாண்ணே நிக்கிறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

அவள் கீழே இறங்கினாள். ஆளில்லாத பலகைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்து மூடியது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தங்கையின் நாற்காலி மேசையை ஒட்டி மெல்ல நகர்ந்தது.