அண்ணி போட்ட மார்க்

“இதைப் பார்த்தியா? எங்க அண்ணி எனக்கு மார்க் போட்டிருக்காங்க!”

அவன் போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே படித்தாள்.

‘கடை காலியாக இருக்கிறது. விலை எங்கும் காணோம். எழுத்துப்பிழை வேறு. மேலும் உழைக்கவும்.’

அண்ணி மாடி வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

“எழுத்துப்பிழையாம்! நம்ம கல்யாணப் பத்திரிகையிலயே பிழை கண்டுபிடிச்சவங்களாச்சே. கையில சிவப்புப் பேனா இல்லாட்டி அவங்களுக்குத் தூக்கம் வராது.”

“விடுங்க. அக்கா குணம் தெரிஞ்சதுதானே.”

“எப்படி விடுறது? வேலையை விட்டுட்டு ராப்பகலா உழைச்சிருக்கேன்!”

உண்மைதான். இணையத்தில் யார் கடை திறந்தாலும் அதற்கு ஒரு விலாசப் பெயர் வேண்டுமே, அந்தப் பெயர்களை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் வந்து கூடுவதற்கு ஒரு வெப்சைட் கட்டியிருந்தான். பெயர்ச்சந்தை என்று தமிழிலேயே அதற்குப் பெயரும் விலாசமும் வைத்திருந்தான். சேமிப்பெல்லாம் அதில் போய்விட்டது. எடுபடாவிட்டால் பழைய முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

காலையில்தான் குடும்ப குரூப்பில் அதன் விலாசத்தைப் போட்டிருந்தான். ‘பார்த்துட்டு மனசுல பட்டதை மறைக்காம சொல்லுங்க. சாயங்காலம் இதே மெசேஜை வியாபாரிங்க எல்லாருக்கும் அனுப்பப் போறேன்.’

மளமளவென்று பதில் வந்தது.

‘கலர் கண்ணைப் பறிக்குது மாப்ளே!’ இது மாமா.

‘படமெல்லாம் உயிரோட இருக்கு.’ இது அத்தை.

‘உலகத் தரம்.’ இது சித்தப்பா. அவர் எதற்கும் ரெண்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார்.

அண்ணி மட்டும் குரூப்பில் வாயே திறக்கவில்லை. அவனுக்குத் தனியாக அந்த மார்க்கை அனுப்பியிருந்தார்.

“மறைஞ்சு நின்னு கல்லெறியறாங்க. இரு, இதை எல்லாரும் பார்க்கட்டும்.”

“வேண்டாங்க. அக்கா சங்கடப்படுவாங்க.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அது குரூப்புக்குப் போய்விட்டது. ‘டீச்சர் அண்ணி கொடுத்த ரிப்போர்ட். கண்டுகளியுங்கள்!’

‘லீவு நாள்லயும் பேப்பர் திருத்துறாங்களா?’ என்றார் மாமா.

‘கண்ணாடி மாத்தணும்,’ என்றார் சித்தப்பா.

‘அடுத்தவன் முன்னேறினா சில பேருக்குப் பொறுக்காது,’ என்று அத்தை போட்டார்.

அவனுக்கு அதிலும் ஆத்திரம் ஆறவில்லை. விறுவிறுவென்று மாடிக்குப் போனான்.

அண்ணி மாடி வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

“என்ன அண்ணி, கடை காலியா? நூத்துக்கணக்குல பேர் அடுக்கி வச்சிருக்கேன்!”

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுது தம்பி.”

“படம்?”

“எதுவும் இல்ல.”

“மாமாவுக்குத் தெரியுது, அத்தைக்குத் தெரியுது. உங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையாக்கும்?”

“என் போன் பழசு, அதனாலயோ என்னவோன்னு உங்க அண்ணன் போன்லயும் பார்த்தேன். அதுக்கப்புறமும் மனசு கேக்காம பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட போனை வாங்கிப் பார்த்தேன். எல்லாத்துலயும் அதேதான்.”

“சும்மா சொல்லாதீங்க அண்ணி.”

அண்ணி போனை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம். நடுவில் ஒரே ஒரு வரி.

‘பெயர்ச்சதை. இந்தப் பெயர் விற்பனைக்கு.’

“பேர் விக்கிற கடைன்னீங்க. ஒரு பேர் விக்குது. சரி, இதுதான் போலிருக்குன்னு நினைச்சுட்டேன். ஆனா சந்தைன்னு சொல்லிட்டு சதைன்னு போட்டிருந்தா பிழைன்னு சொல்லாம என்ன சொல்றது? கறிக்கடைன்னுல்ல நினைப்பாங்க?”

அவன் அவசர அவசரமாகத் தன் மெசேஜைத் திறந்து பார்த்தான். காலையில் பரபரவென்று தட்டியதில் விலாசத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்தப் பிழையான பெயரை வேறு யாரோ வாங்கி, விற்பதற்காகச் சும்மா போட்டு வைத்திருந்தார்கள். குரூப்பில் யார் தொட்டிருந்தாலும் அந்த வெள்ளைப் பக்கம்தான் வந்திருக்கும்.

வியாபாரிகளுக்குப் போக வேண்டிய மெசேஜும் அதே பிழையோடு தயாராக நின்றது.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

“இதை அனுப்பியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும் அண்ணி.”

“அதான் உங்ககிட்ட மட்டும் சொன்னேன். நாலு பேர் பார்க்கிற இடத்துல உங்களைக் குறை சொல்ல மனசு வரல.” மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தார். “நீங்கதான் நாலு பேரையும் கூப்பிட்டுக் காட்டிட்டீங்க.”

“தப்புதான் அண்ணி. மன்னிச்சிடுங்க.”

“முதல்ல அந்த எழுத்தைப் போடுங்க. மார்க் அப்புறம் கூட்டிப் போடலாம்.”

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி படியேறி வந்தாள். போனை எட்டிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள்.

“அப்போ மாமா எந்தக் கலரைப் பார்த்தாராம்?”

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குரூப்பை மேலே தள்ளிப் பார்த்தான். எல்லாருக்கும் முந்தி ஒரு பாராட்டு வந்திருந்தது. ‘பிரமாதம்ங்க! ஒரு குறைகூட இல்ல!’

“ஏய், இது நீ போட்டதுதானே? நீயாவது திறந்து பார்த்திருக்கக் கூடாதா?”

அவள் அசரவில்லை.

“நான் எதுக்குங்க திறக்கணும்? உங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை!”