கேமரா வரும் நாள்

ஆழ்கடலின் அடியில் சேற்றுத் தரையெங்கும் உருளைக்கிழங்கு அளவில் உலோக உருண்டைகள் கிடந்தன. அவற்றில் ஒன்றின் மேல் ஒரு கடல் சாமந்தி ஒட்டிக்கொண்டு வாழ்ந்தது. சேற்றில் அதற்குக் கால் ஊன்றாது. அந்த உருண்டையை விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

உருண்டைகளைக் கணக்கெடுக்க மேலே கப்பல்காரர்களின் கேமரா வருகிறது என்று தெரிந்ததிலிருந்து சாமந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த கடல் அட்டைக்கோ வாய் ஓயவில்லை. உருண்டைகளின் மேல் படிந்திருந்த சேற்றைத் தின்று தின்று எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கிக்கொண்டிருந்தது.

“மூடியே கிடக்கட்டும்டி,” என்றது சாமந்தி. “நிறையத் தெரிஞ்சா அள்ளிட்டுப் போயிடுவாங்க.”

“வெளியாள் வர்றப்ப வீடு இப்படியா கிடக்கும்? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க அக்கா?”

கேமரா வெளிச்சத்தோடு இறங்கியது. அட்டை முன்னால் ஊர்ந்து போய், “சார், அந்த மேட்டுக்குப் பின்னாடியும் நாற்பது இருக்கு, விட்டுடாதீங்க,” என்றது. சாமந்தி தன் விரல்களையெல்லாம் விரித்துத் தன் உருண்டையை மறைத்துக்கொண்டது.

“இவ்வளவு சுத்தமான தரையை நான் பார்த்ததே இல்லை,” என்றது கேமரா. “சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு கிலோ தேறும்.”

அட்டை பூரித்துப்போனது. “மறுபடி எப்ப சார் வருவீங்க?”

“எண்ணுறதோட என் வேலை முடிஞ்சது. அடுத்து வர்றது அள்ளுற இயந்திரம்.”

கேமரா போனதும் சாமந்தி உருண்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அட்டை அதனருகே வந்து தயங்கித் தயங்கிக் கேட்டது.

“அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன். உங்க கல்லு ஒண்ணுதான் இன்னும் துடைக்காம இருக்கு.”