பால்டி சின்னம்

"கோவிந்து, டீய மூடி வை. கடைசி சந்து ஒண்ணுதான் பாக்கி. ஓட்டு கேட்டுட்டு வந்துடறேன்."

மனைவி கோவிந்தம்மாளிடம் சொல்லிவிட்டு, 'பால்டி' என்று எழுதி வாளி படம் போட்ட சின்னத்து அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பச்சைமுத்து கிளம்பினார். பெயின்ட் அடிக்கிற மனிதர். மோதி பாக் பின்னாலிருந்த தமிழர் கேம்ப்புக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்பதற்காகவே டெல்லி சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.

கடைசி சந்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"எலக்‌ஷன் நிக்காதா சாப்?" பக்கத்து வீட்டு அம்பிகா தேர்தல் அதிகாரியிடம் கேட்டாள்.

"பெரிய கட்சி வேட்பாளர் இறந்தால்தான் ஒத்திவைப்போம். இவர் சுயேச்சை. மெஷினில் பேரும் போட்டோவும் அப்படியே இருக்கும்" என்று இந்தியில் சொன்னார் அவர்.

காரியம் முடிந்ததும் பெரிய கட்சியிலிருந்து உதயா வந்தான்.

"யக்கா, தப்பா நெனைக்காத. போனவருக்குப் போடற ஓட்டு குப்பைக்குத்தான் போவும். இந்த பூத்துல எங்களுக்கு உழுந்தா குழாய் பக்கா. எல்லா வூட்லயும் அச்சா அச்சான்னு தலையாட்டிட்டாங்க."

ஓட்டு நாளன்று கோவிந்தம்மாள் பூத்துக்குப் போனாள்.

ஓட்டுப்போடும் மறைப்புக்குள், ஒன்பதாம் பட்டன் பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார் பச்சைமுத்து.

"குழாய் வந்துரும்யா, கவலப்படாத" என்று முணுமுணுத்துவிட்டு பட்டனை அழுத்தினாள். 'பீப்' சத்தம் நீளமாகக் கேட்டது.

ஓட்டு எண்ணிய அன்று அம்பிகா போனும் கையுமாக ஓடிவந்தாள்.

"யக்கா! நம்ம பூத்துல அண்ணனுக்கு நானூத்திச் சொச்சம்! மொத்த கேம்ப்பும் பால்டியத்தான் அமுத்தியிருக்கு!"

"உதயாகிட்ட அச்சான்னீங்களாமே?"

"அவன் மூஞ்சி! அண்ணன் ஜெயிக்க மாட்டாருன்னு எங்களுக்குத் தெரியாதா? நமக்காவ நடந்து நடந்தே செத்தாரு. இது மரியாத யக்கா. சொன்னா நீ அழுவேன்னுதான் ஒருத்தரும் வாயத் தொறக்கல."

கோவிந்தம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. செத்துப்போன ஒரு பெயின்டருக்காக, விடியற்காலைப் பனியில், சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு, கூலியை விட்டுவிட்டு ஒரு கேம்ப்பே வரிசையில் நின்றிருக்கிறது! கை தானாகக் குவிந்தது.

"உதயா கட்சிக்கு எத்தினி தெரியுமா? ஒண்ணே ஒண்ணு! அது எந்த நாதாரின்னு தெரியட்டும், கேம்ப்ப வுட்டே தொரத்தறோம்!"

கூப்பிய கையைக் கோவிந்தம்மாள் பிரிக்கவேயில்லை. அவர் ஆசைப்பட்ட குழாய் தன் ஒரு ஓட்டால் தவறிப்போய்விடக் கூடாதே என்று, போட்டோவில் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதயா கட்சிப் பட்டனை அழுத்தியவள் அவள்தான்.

கேம்ப்புக்கு இன்றைக்கும் லாரித் தண்ணீர்தான்.