அரங்கமே அழுத உரை

முதலில் வந்தது கமருன்னிசாவுக்குத்தான்.

வானத்திலிருந்து அல்ல, பின்பக்கத்து ஜன்னலிலிருந்து.

மடியில் கிடந்த கைக்குழந்தை இருமியது. அவள் மூக்கைச் சுளித்தாள். ராயபுரத்தில் ஐஸ் ஃபேக்டரிக்கு அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அமோனியா நாற்றத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி அந்த ஃபேக்டரி. அந்தச் சுவரோரமாகத்தான் பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம், ஆண்களுக்கு ஏசியும் அத்தரும். அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

மேடையில் மவுலவி சுஃபியான். தலைப்பு, ‘இஸ்லாத்தில் பெண்கள் நபியாக முடியுமா?’ முடியாது என்பது நோட்டீஸ் அடிக்கும்போதே முடிவாகிவிட்டது. ஆனாலும் மாலை அஸர் தொழுகை முதல் அந்தி மக்ரிப் தொழுகை வரை நேரம் கேட்டு வாங்கியிருந்தார்.

நபி என்பவர் எச்சரிக்கை செய்பவர் என்றார். வரப்போகும் ஆபத்தை மற்றவர்களுக்கு முன்பே அறிந்து வந்து சொல்பவர். அவருடைய மக்களோ அவரைப் பேசவிட மாட்டார்கள். சிரிப்பார்கள். உட்கார் என்பார்கள்.

அந்தக் காலத்து மக்களின் மூடத்தனத்தை நினைத்து ஆண்கள் பக்கம் உச்சுக் கொட்டியது.

கமருன்னிசா தன் கணவனுக்கு போன் போட்டாள். அமான்தான் அன்றைக்கு மைக்கும் கேமராவும். கட் செய்தான். மறுபடி போட்டாள். மறுபடி கட்.

அவள் எழுந்து, நாற்காலிமேல் ஏறி, திரைக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

“இன்னாங்க! ஐஸ் கம்பெனில கேஸ் லீக்காவுது! புள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது, அல்லாரும் எய்ந்து வெளிய போங்க!”

அரங்கமே திடுக்கிட்டது. கேஸுக்காக அல்ல. பெண் குரலுக்காக.

தாய்மார்கள் கேள்விகளைக் கடைசியில் எழுதித் தரலாம் என்றார் ஜமாஅத் தலைவர், உட்காரும்படி கையைக் காட்டி. பெண்கள் இளகிய மனத்தவர்கள், இல்லாதது எல்லாம் இருப்பதுபோல் தோன்றும், கோபிக்கக் கூடாது என்று மவுலவி பெருந்தன்மையாக மன்னித்தார். ஆண்கள் சிரித்தார்கள்.

அமானுக்குக் காது சிவந்தது. தன் பெண்டாட்டி சபையில் கத்தியதை அமுக்க, மைக்கின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

உரை மூசா நபியின் தாயாருக்கு வந்து சேர்ந்தது. குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடு என்று அந்த அம்மாவுக்கு இறைவன் அறிவித்தது உண்மைதான். மர்யம் அவர்களோடு வானவர் பேசியதும் உண்மைதான். இவற்றை வைத்து ஸ்பெயின் பக்கத்துப் பழைய இமாம்கள் சிலர், பெண்களிலும் நபிமார் உண்டு என்று எழுதிவைத்துவிட்டார்கள். அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றார் மவுலவி. மூசாவின் தாயாருக்கு வந்தது வெறும் உள்ளுதிப்பு. பிள்ளை பெற்றவளின் மனதில் எழுகிற ஒரு பயம், அவ்வளவுதான்.

திரைக்குப் பின்னால், பிள்ளை பெற்றவள் ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஃபேக்டரி சந்து. கேஸ் நேராக முகத்தில் அடிக்கும். மிச்சமிருந்தது பக்கவாட்டு ஜன்னல். அதன் கீழே மீன்காரி கன்னியம்மா விற்று முடித்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கமருன்னிசா சொல்லி முடிப்பதற்குள் கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

குழந்தை கூடையில் இறங்கியது. பிறகு மற்றக் குழந்தைகள். பிறகு, புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொருத்தியாகப் பெண்கள்.

இதற்குள் நாற்றம் திரைக்கு அடியில் நுழைந்துவிட்டது. அது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

பின்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். பக்கத்திலிருந்தவர் மூக்கை உறிஞ்சினார். ஒரு வரிசை, இன்னொரு வரிசை. தலைவர் கைக்குட்டையை எடுத்தார். மவுலவி பார்த்தார். எத்தனையோ மண்டபங்களில் பேசியிருக்கிறார். அவர் பேச்சுக்கு மக்கள் தூங்கியிருக்கிறார்கள், அழுததில்லை. அவருக்கே நெஞ்சை அடைத்தது. கண்ணீர் வழிய வழிய இன்னொரு ஆதாரத்தை எடுத்து வைத்தார்.

“சகோதரிகளே, உங்களில் யாருக்காவது மறுப்பு இருக்கிறதா?” என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

திரைக்குப் பின்னால் அப்படி ஒரு அமைதி.

வெற்றி பெற்ற முகத்தோடு அவர் சபையைப் பார்த்தபோது, வாசல் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள் கன்னியம்மா, மூக்கில் ஈரத்துணியோடு.

“பொம்பளைங்க அல்லாரும் ரோட்டாண்ட நின்னுகினுகீறாங்க. நீங்க இன்னா நைனா, உள்ள குந்திகினு அழுதுகினுகீறீங்க?”

முதலில் வெளியே வந்தவர் மவுலவி. அடுத்தவர் தலைவர். செருப்பு மாறிப்போனதைத் தவிர யாருக்கும் பெரிய சேதமில்லை. கடைசிவரை கேமராவைப் பிடித்திருந்த அமானுக்குத்தான் கண் இரண்டும் இட்லிபோல வீங்கிவிட்டன.

மறுநாள் தலைவர் போன் செய்தார். பிரமாதமான கூட்டம்; உடனே யூடியூபில் ஏற்றிவிட வேண்டும். தலைப்பு, ‘அரங்கமே அழுத உரை’. நடுவில் ஒரு பெண் குரல் வருகிறதாம், அது கூடாது. அதை வெட்டிவிடு. அந்த மீன்காரி வருவதற்கு முன்பே முடித்தும்விடு.

அமான் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தான். திரை கலங்கலாகத் தெரிந்தது. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, ஒன்றும் புலப்படவில்லை.

கமருன்னிசா அவன் தலையை நிமிர்த்தி, கண்ணில் சொட்டுமருந்து விட்டாள். பிறகு அவன் கையை விலக்கிவிட்டு, மவுசைத் தானே பிடித்தாள்.

“இங்கேர்ந்து இது வரிக்கும் நானு. வெட்டுங்க. அப்பால நீங்கல்லாம் எதுக்கு அழுதீங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.”