யாரும் தூக்காத கால்

அமெரிக்காவின் கென்டக்கி மலைச்சரிவில் ஒரு வைக்கோல் கொட்டகை, நடுப்பகல், சினிமாப் படப்பிடிப்பு. மேடையில், கதைக்காகக் கற்பனை செய்த ஒரு புளூகிராஸ் நாட்டுப்புற இசைக் குழுவாக ஐந்து நடிகர்கள், சத்தம் வராத வாத்தியங்களோடு நிற்கிறார்கள். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து, இடுக்கு வழியே அவர்களைப் பார்த்தபடி நிஜமாக வாசிப்பது உள்ளூர்க்காரி வெர்னாவின் குழு. இரண்டு முறை எடுத்தது பாழ். மூன்று வாரம் மண்ணின் ஆன்மாவை ஆராய்ந்து தாடி வளர்த்த கதாநாயகன் டெவ்லின், உற்சாகத்தில் காலைத் தூக்கிவிடுகிறான். புளூகிராஸ் வாசிப்பவர்களிடையே ஒருவர் காலைத் தூக்கினால் பாட்டை முடி என்று அர்த்தம். பழக்கதோஷத்தில் பின்னால் எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். சொல்லிப் பார்த்தாயிற்று. “அது உள்ளேர்ந்து வருதுங்க,” என்கிறான். “இதுவும் சொதப்புனா உங்க பாட்டு படத்துல கிடையாது. சிட்டில ஆள் வச்சு வாசிச்சுக்கறோம்,” என்கிறார் இயக்குநர் வெர்னாவிடம். வெர்னா தன் புருஷனின் சுரங்க பூட்ஸைக் கொண்டுவந்து டெவ்லினிடம் நீட்டுகிறாள். முனையெல்லாம் இரும்பு, தூக்க முடியாத கனம். “போட்டுக்க தம்பி. மண்ணோட ஆன்மா இதுல ரெண்டு கிலோ ஒட்டியிருக்கு.” அவன் நெகிழ்ந்துபோய் மாட்டிக்கொள்கிறான். பிடில் சீறுகிறது, வெர்னா மீட்டும் பாஞ்சோ தகரக் கூரையில் ஆலங்கட்டி மழையாகப் பொழிகிறது, வெயில் கீற்றுகளில் தூசி துள்ளுகிறது. டெவ்லினின் தாடி ஆடுகிறது, கால் அசையவில்லை. “கட்,” என்கிறார் இயக்குநர், முகமெல்லாம் சிரிப்பாக. பாட்டு நிற்கவில்லை. “முடிச்சிரலாமாக்கா?” என்கிறான் பிடில்கார ஆர்வில். “யாராச்சும் காலைத் தூக்குனாங்களாடா?” என்று கேட்டபடி வெர்னா அடுத்த சுற்றை இன்னும் வேகமாக எடுக்கிறாள்.