வைவா தேதி

“இன்னிக்குக் கூட்டத்துல அந்தத் தீர்மானத்தைப் படிச்சேன்னு வெய்யி, அப்புறம் வைவா தேதி கேட்டு என் ரூம் பக்கம் வராதே அம்மணி.”

பேராசிரியர் நஞ்சுண்டன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கயல்விழிக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அவர்தான் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி. அவளது ஆய்வேட்டை வெளியூர்ப் பேராசிரியர்கள் படித்துவிட்டு, பட்டம் கொடுக்கலாம் என்று எழுதி அனுப்பி ஒன்றரை வருடம் ஆகிறது. பாக்கி இருப்பது வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும். அதற்கு நாள் குறிக்க வேண்டியவர் நஞ்சுண்டன். அவர் குறிக்கிற வழியாகவே இல்லை. அவருடைய வகுப்புகளை அவள் எடுத்தாள். அவர் திருத்த வேண்டிய விடைத்தாள்களை அவள் திருத்தினாள். அவர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்க்கக்கூட அவள்தான் அலைந்தாள். சம்பளம் கேட்காத ஆளை டாக்டராக்கி வெளியே அனுப்ப அவருக்கென்ன பைத்தியமா?

“எனக்காக மட்டும் கேக்கலீங்க சார். ரிப்போர்ட் வந்தா ரெண்டு மாசத்துல வைவா வெச்சுப்போடணும்னு ஒரு விதி வேணுங்க. ஸ்காலருங்க எல்லாருஞ் சேந்து என்னையப் பிரதிநிதியா அனுப்பியிருக்கறாங்க. கல்விக்குழுவுல வாயே தொறக்காம வந்தா நல்லாருக்குங்களா?”

“அந்த எடம் சும்மா உக்காந்து டீயும் முந்திரி பக்கோடாவும் சாப்புட்டுப்போட்டு வாரதுக்குக் குடுத்தது கண்ணு.” நஞ்சுண்டன் சிரித்தார். “மேட்டுப்பாளையம் காலேஜ்ல உனக்கு வேலை போட்டுத் தாரேன்னு சொல்லியிருக்கறாங்களாமா? பட்டம் இல்லாமப் போயி நின்னா சேத்துக்குவாங்களா?”

சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஜூன் மாதத்துக்குள் பட்டம் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லித்தான் வைத்திருந்தார்கள். கணபதியில் பம்பு பட்டறைக்கு வேலைக்குப் போகும் அம்மா, மகள் காலேஜ் டீச்சராகப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

“யோசிச்சுப் பேசு” என்றபடி அவர் கிளம்பினார். அவரும் கல்விக்குழு உறுப்பினர்தான்.

மதியம் கூட்டம் தொடங்கியது. நீண்ட மேசையின் ஒரு முனையில் துணைவேந்தர், பக்கத்தில் பதிவாளர் சென்னகிருஷ்ணன். ஏ.சி.க்கு நேர் கீழே, யாருக்கும் வேண்டாத கடைசி நாற்காலியில் கயல்விழி. ஒவ்வொரு பொருளாகப் படித்தார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள்.

“வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றார் துணைவேந்தர், எழுந்துகொள்ளும் தோரணையில்.

“இருக்குதுங்க ஐயா.” கயல்விழி எழுந்தாள். எதிரே நஞ்சுண்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் தீர்மானத்தைப் படித்து முடித்தாள்.

“பொத்தாம்பொதுவா வைவா வெக்கறதில்லைன்னு சொன்னா எப்படிம்மா?” பதிவாளர் எரிச்சலோடு கேட்டார். “யாரு வெக்கல? பேர் சொல்ல முடியுமா?”

கயல்விழி தீர்மானத் தாளை மடித்து மேசைமேல் வைத்தாள்.

“சொல்றேனுங்க. எங்க சாரு வெக்கலீங்க. இன்னும் நாலஞ்சு பேரு இந்த மேசையிலயே உக்காந்திருக்கறாங்க. இந்தத் தீர்மானம் நிறைவேறலைன்னா, அடுத்த கூட்டத்துல அவங்க பேரையும் வரிசையாச் சொல்லிப்போடறேனுங்க.”

நஞ்சுண்டன் முகம் கறுத்துவிட்டது. இன்னும் சிலர் தண்ணீர் குடித்தார்கள். “துணைக்குழு போட்டுப் பாக்கலாம்” என்று துணைவேந்தர் கூட்டத்தை முடித்தார். துணைக்குழுவுக்குப் போன தீர்மானம் எதுவும் அந்தப் பல்கலைக்கழகத்தில் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அதன் பிறகு நஞ்சுண்டன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின வாரம் திடீரென்று கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை வைவா. வந்து சேரு.”

வெள்ளிக்கிழமை வைவா நடந்தது. தேர்வாளர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், தேறினாள். கைதட்டல் அடங்குவதற்குள் பதிவாளர் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

“வாழ்த்துகள் டாக்டர் கயல்விழி” என்றார் சென்னகிருஷ்ணன். “உங்க சான்றிதழை இன்னிக்கே குடுக்கச் சொல்லியிருக்கறேன். அப்புறம் ஒரு விசயமுங்க. பிரதிநிதியா இருக்கறவங்க மாணவரா இருக்கோணும். இனி நீங்க மாணவி இல்லீங்க. அடுத்த வாரக் கூட்டத்துக்கு நீங்க வர முடியாது.”

பக்கத்தில் நின்ற நஞ்சுண்டன் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். “வரிசையாப் பேர் சொல்றேன்னயே கண்ணு. இனி எங்க போயி சொல்லுவே?”

கயல்விழி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். சான்றிதழை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாள்.

படிக்கட்டின் கீழே ஆராய்ச்சி மாணவன் யஷ்வந்த் தவிப்போடு நின்றுகொண்டிருந்தான். “என்னக்கா ஆச்சு? பிரதிநிதி எடம் போயிருச்சா?”

“போயிருச்சு. போன வருசம் பிரதிநிதியா இருந்து இதையே கேட்ட அருள்குமார் அண்ணனைத் தொரத்துன மாதிரியே என்னையும் பட்டங் குடுத்துத் தொரத்திப்போட்டாங்க” என்றாள் கயல்விழி, அழுகையும் சிரிப்புமாக. “நமக்குள்ள அடுத்தபடியா ரொம்ப நாளா வைவா நிக்கறது உனக்குத்தான யஷ்வந்த்? அடுத்த பிரதிநிதி நீதான், தீர்மானத்துல ஒரு வார்த்தையும் மாத்தாம அப்படியே படிச்சுப்போடு.”